கஞ்சாச் சட்டமும் காவல்துறையின் முன்னுரிமைகளும்

வாரணாசியிலும் ஜைசல்மேரிலும் அரசின் உரிமம் பெற்ற கடைகளில் பாங் விற்கப்படுகிறது. சிவராத்திரியன்றும் ஹோலியன்றும் வட மாநிலங்களின் பல வீடுகளில் அது பாலில் கலந்து பருகப்படுகிறது. பாங் என்பது கஞ்சாச் செடியின் இலை. அதே செடியின் பூந்தலையைக் கொய்து உலர்த்தினால் அது கஞ்சா. அதன் பிசினைப் பிரித்தெடுத்தால் அது சரஸ். முன்னது மாநில ஆயத்தீர்வைச் சட்டங்களின் கீழ் வரும் வாணிகப் பொருள். பின்னவை இரண்டும், சிறிதளவு வைத்திருந்தாலும், சிறைத்தண்டனைக்குரிய குற்றப் பொருள்கள். ஒரே செடியைச் சட்டம் இவ்வாறு பிரித்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் பற்றிய ஒருங்கிணைந்த சர்வதேச உடன்பாட்டில் கஞ்சா என்பதன் இலக்கணம் பூந்தலையை மட்டுமே குறிக்கிறது. தனித்த இலையும் விதையும் அதில் அடங்கா. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்றும் அவ்வுடன்பாடு விதித்தது. 1964-இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கெடு 1989-இல் முடிவுறவிருந்த நிலையில்தான், 1985 நவம்பர் 14 முதல் இந்தியாவில் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் செயலுக்கு வந்தது.

இச்சட்டத்தைப் பற்றிய இன்றைய விவாதத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. ஒன்று சட்டபூர்வமாக்கல், அதாவது பயிரிடுதல், விற்றல், வாங்கல் ஆகியவற்றுக்கு உரிமம் அளித்து வரி விதித்தல். மற்றொன்று குற்றநீக்கம், அதாவது விற்பனையும் கடத்தலும் குற்றமாகவே நீடிக்க, சொந்தப் பயன்பாட்டுக்கெனச் சிறிதளவு வைத்திருப்போரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பாதிருத்தல். ஈண்டு ஆராயப்படுவது பின்னதே. கஞ்சா நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும், வரையறுக்கப்பட்ட காவலர்களையும் நீதிமன்றங்களையும் ஆய்வுக்கூடங்களையும் கொண்ட ஓர் அரசு அவற்றை எங்கே செலவிடுவது என்பதே இதன் மையமான வினா.

பழைய ஆணைக்குழு ஒன்று

இவ்வினா இந்தியாவுக்குப் புதிதன்று. கஞ்சாப் பயன்பாடு பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக, 1893-இல் மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. எழுவர் கொண்ட அக்குழுவில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-இல் அது அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு விளைவதில்லை, முழுத் தடை வேண்டியதில்லை, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்பன அதன் முடிவுகள். இவற்றைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஆயினும், நிர்வாகம் பயில்வோருக்கு இம்முடிவுகளைவிட அக்குழு அவற்றை அடைந்த வழியே கூடுதலாகப் பயன்படும்.

கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பதற்கு அக்காலத்தில் காட்டப்பட்ட முதன்மையான சான்று மனநோய் விடுதிகளின் புள்ளிவிவரம். 1892-இல் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா, சரஸ் போன்றவையே காரணம் எனப் பதிவேடுகள் கூறின. ஆணைக்குழு அவ்வெண்ணை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் வரலாற்றையும் மீண்டும் துருவியது. நோயாளியைக் கொண்டுவந்த போலீசாரே பல இடங்களில் காரணம் என்னும் கட்டத்தை நிரப்பியிருந்தனர். அவர் கஞ்சா புகைப்பவர் என்று யாரேனும் சொன்னால் அதுவே காரணமாகிவிட்டது. மருத்துவரும் அதையே பதிவேட்டில் பெயர்த்தெழுதினார். மறு ஆய்வில் 222 என்பது 98 ஆகக் குறைந்தது. கஞ்சாவைத் தவிர வேறு காரணம் காணப்படாதோர் 61 பேர் மட்டுமே. நோய் இல்லையென்று ஆணைக்குழு கூறவில்லை. பதிவேடு எவ்வாறு உருவாயிற்று என்று கேட்டது. போதைப்பொருள் ஒழிப்பின் வெற்றியைக் கைதுகளின் எண்ணிக்கை கொண்டு அளக்கும் இன்றைய அலுவலகங்களுக்கும் அக்கேள்வி பொருந்தும்.

சட்டத்தின் தராசு

1985-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் மிகக் கடுமையாக இருந்தது. சரஸ் வைத்திருந்தவருக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிதளவே தன்னிடம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. பெருங்கடத்தல்காரருக்கும் சாதாரணப் பயனாளிக்கும் இடையே வேறுபாடு இல்லாமற் போயிற்று என்ற குறையை உணர்ந்து, 2001-இல் நாடாளுமன்றம் தண்டனையை அளவின்படி பகுத்தது. கஞ்சாவில் 1 கிலோவுக்கு உட்பட்டது சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சரஸுக்கு இவ்வெல்லைகள் முறையே 100 கிராமும் 1 கிலோவும் ஆகும். சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பதற்கு 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். வணிக அளவாயின் 10 முதல் 20 ஆண்டுகள்.

தண்டனை பகுக்கப்பட்டது, நடைமுறை பகுக்கப்படவில்லை. பத்துக் கிராம் கஞ்சாவுடன் பிடிபட்ட கல்லூரி மாணவனுக்கும், லாரியில் இரண்டு குவிண்டால் ஏற்றிவந்தவனுக்கும் பறிமுதல் மகஜர், முத்திரை, மாதிரி எடுத்தல், ஆய்வுக்கூட அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகள் என்று பாதை பெரும்பாலும் ஒன்றே. உடலைச் சோதனையிடும் முன்பு, மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டென்பதை அவரிடம் கூறியாக வேண்டும். இதனை 1999-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வலியுறுத்தியது. இவை தேவையான பாதுகாப்புகளே. ஆனால் இவற்றுக்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் ஒரே காவல் நிலையத்தின், ஒரே ஆய்வுக்கூடத்தின் நேரம். சிறிய அளவுக் குற்றத்தில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா என்பதில்கூட உயர்நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது.

எடை என்பதும் தோன்றுமளவு எளிதன்று. சட்டம் குறிப்பது பூந்தலை. களத்தில் கைப்பற்றப்படுவதோ தண்டு, இலை, விதை யாவும் சேர்ந்த செடி. அனைத்தையும் ஒன்றாக நிறுத்து 22 கிலோ என்று மகஜரில் எழுதிவிட்டால் அது வணிக அளவாகிவிடும். அந்நிலையில் 37-ஆம் பிரிவின்படி, எதிரி குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டென்றும், வெளியே வந்தால் அவர் குற்றம் புரியார் என்றும் நீதிமன்றம் திருப்தி அடைந்தாலன்றி ஜாமீன் இல்லை. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம். இலையும் தண்டும் நீக்கி நிறுத்திருந்தால் என்ன எடை இருக்கும் என்ற கேள்வி பின்னர் ஜாமீன் மனுவில்தான் எழுகிறது. இரண்டு கிலோ தண்டு ஒரு மனிதனின் பத்தாண்டுகளைத் தீர்மானிக்கக் கூடும்.

பிடிபடுவோர் யார்

ஆந்திர–ஒடிசா எல்லை மலைப்பகுதி கஞ்சாப் பயிருக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களுக்கு அங்கிருந்து சரக்குச் செல்கிறது. 2021-இல் ஆந்திரக் காவல்துறை அங்குப் பெரும் பரப்பில் பயிரை அழித்தது. பயிரிடுபவர் பெரும்பாலும் வேறு சந்தை வசதியற்ற பழங்குடி உழவர். பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுபவர் கூலிக்குச் சுமப்பவர். முதலீடு செய்பவர் அந்த ரயிலில் இருப்பதில்லை. அவரை எட்டுவதற்கே கடத்தலுக்கு நிதியளிப்பதைத் தண்டிக்கும் 27அ பிரிவும், சொத்துப் பறிமுதலுக்கான தனி அத்தியாயமும் 1989-இல் சேர்க்கப்பட்டன. வங்கிக் கணக்குகளையும் பினாமிச் சொத்துகளையும் தொடர்வதற்குப் பயிற்சி பெற்ற அலுவலரின் பல மாத உழைப்பு வேண்டும். தெருமுனையில் பொட்டலத்துடன் நிற்கும் இளைஞனைப் பிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். இரண்டும் மாதாந்திர அறிக்கையில் ஒவ்வொரு வழக்காகவே எண்ணப்படுமாயின், எது பெருகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விசாரணையின் தரம் உயர வேண்டிய தேவையும் கூடியுள்ளது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020-இல் உச்சநீதிமன்றம், இச்சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் அலுவலர்கள் பதிவு செய்யும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ள இயலாது என்று தீர்ப்பளித்தது. பெரிய வழக்குகள் இனி வேறு சான்றுகளால்தான் நிற்க வேண்டும்.

எதிர்வாதம்

குற்றநீக்கத்தை எதிர்ப்போரின் கவலையைப் புறந்தள்ள இயலாது. இளவயதில் தொடங்கி நாள்தோறும் புகைப்போருக்குச் சித்தப்பிரமை போன்ற மனநோய்களின் வாய்ப்பு கூடுகிறது, அடிமைத்தனமும் உண்டு. நமது அரசியல் சாசனத்தின் 47-ஆம் விதியும், உடல்நலத்துக்குத் தீங்கான போதைப் பொருள்களின் நுகர்வைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன, இந்தியா ஆதரித்தது. எனினும் முதல் அட்டவணையில் கஞ்சா நீடிக்கிறது. உடன்பாட்டின் கடமைகளும் நீடிக்கின்றன.

ஆனால் இவ்வாதங்கள் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நிறுவுகின்றனவேயன்றி, சிறையே அக்கட்டுப்பாடு என்பதை நிறுவவில்லை. சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஓராண்டில் பாங் உட்பட ஏதேனும் ஒரு வடிவில் இச்செடியைப் பயன்படுத்தியோர் சுமார் 3.1 கோடிப் பேர். குற்றமாக உள்ள கஞ்சாவையும் சரஸையும் பயன்படுத்தியோர் சுமார் 1.3 கோடி. இத்தனை பேரை எந்தக் காவல்துறையும் பிடிக்கவியலாது. பிடிபடுவோர் தற்செயலாகவோ, தெருவில் வாழ்வதாலோ பிடிபடுகின்றனர். இப்பழக்கத்தால் துன்புற்று உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. சட்டம் தேட வேண்டியவர்கள் இவர்களே.

போர்ச்சுகல் 2001-இல் பத்து நாள் தேவைக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கி, சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தோர் அடங்கிய வட்டாரக் குழுக்களிடம் ஒப்படைத்தது. கடத்தல் குற்றமாகவே தொடர்ந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020-இல் வாக்கெடுப்பு மூலம் ஹெராயின் போன்ற கடும் பொருள்களுக்கும் குற்றநீக்கம் செய்தது. 100 டாலர் அபராதச் சீட்டு, சிகிச்சைக்கான தொலைபேசி எண் என்பதே அங்கு ஏற்பாடு. அவ்வெண்ணை அழைத்தோர் மிகச் சிலர். 2024-இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. கஞ்சா மட்டும் அங்கே சட்டபூர்வமாகவே நீடித்தது. போர்ச்சுகலில் குழுவும் சிகிச்சை நிலையமும் காத்திருந்தன. ஆரிகனில் சீட்டு மட்டுமே முதலில் வந்து சேர்ந்தது.

இந்தியச் சட்டத்திலும் சிகிச்சைக்கு வழி உண்டு. 64அ பிரிவின்படி, சிறிய அளவு தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட அடிமை தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். அடிமையாகாமல் எப்போதேனும் புகைப்பவருக்கு இவ்விலக்கு இல்லை. நோய் முற்றியவர் தப்பலாம், முற்றாதவர் தப்ப முடியாது என்பது விசித்திரமான நிலை. 2021-இல் சமூக நீதி அமைச்சகம், சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றமாகக் கொள்ளாது சிகிச்சைக்கு அனுப்பலாம் என வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாகச் செய்தி வெளியாயிற்று. அப்பாதையில் செல்வதாயின் சட்டத் திருத்தத்துக்கு ஒரு நாள் போதும். மாவட்டந்தோறும் மருத்துவரையும் படுக்கையையும் ஏற்பாடு செய்ய ஆண்டுகள் ஆகும். எந்தத் தடையும் இன்றி மருத்துவமனையை நாடக்கூடிய மது அடிமைகளிலேயே 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்று அதே 2019-ஆம் ஆண்டு ஆய்வு கண்டிருந்தது.