டிராக் பந்தயமும் காரின் கமான் பட்டையும்

அமெரிக்க நாட்டில் டிராக் பந்தயம் பெயர் பெற்ற ஒன்று. நேரான பாதையில் இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது 1320 அடி தொலைவை எது முதலில் கடக்கிறது என்பதே வழக்கமான போட்டி. இதனை ஒழுங்குபடுத்த 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பழைய கார்களைச் செப்பனிட்டு ஓட்டுவோர் இதில் பலர். 1967-ஆம் ஆண்டின் செவர்லே கமாரோவை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் வலிமையைக் கூட்டியதும் இக்காரின் பின்சக்கரங்கள் புறப்படும்போது துள்ளுகின்றன. ஏன்? வகுப்பில் நாம் படித்த இயக்கவியலே விடை தரும்.

கார் முன்னோக்கி முடுக்கம் பெறும்போது முன்சக்கரங்களின் சுமை குறைந்து பின்சக்கரங்களின் சுமை கூடுகிறது. எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன் பின் அச்சுகளின் இடைத்தூரத்தால் வகுத்தால் பெயரும் சுமை கிடைக்கும். எடை 1500 கிலோ, உயரம் 0.5 மீட்டர், இடைத்தூரம் 2.74 மீட்டர், முடுக்கம் புவியீர்ப்பில் 0.6 மடங்கு எனக் கொண்டால், பெயரும் சுமை ஏறக்குறைய 164 கிலோ.

இச்சூத்திரத்தில் வில்லின் விறைப்பு இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘மென்மையான வில் போட்டால் சுமை மிகுதியாகப் பின்னே வரும்’ என்னும் கருத்து பெரும்பாலும் பிழையே. முன்பக்கம் எழும்புவதால் ஈர்ப்பு மையம் சிறிது உயரும், அவ்வளவே. அச்சுமை எவ்வளவு சீராக டயரை அடைகிறது என்பதே வில்லமைப்பின் பொறுப்பு.

கமான் பட்டைக்கு இங்கு இரண்டு வேலைகள். ஒன்று, சுமையைத் தாங்குவது. மற்றொன்று, அச்சுக் கூடு சுழலாமல் பிடித்து நிறுத்துவது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது கூடு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. டிபரென்ஷியலின் மூக்கு மேலெழுகிறது. 1967-இன் கமாரோவில் பக்கத்திற்கு ஒரே ஒரு தகடுதான். அது பாம்புபோல் வளைந்து, பின் விடுபட்டு நிமிர்கிறது. டயர் பிடிப்பை இழந்து மீண்டும் பற்றுகிறது. இதுவே துள்ளல். 1968-இல் நிறுவனமே ஒரு ஷாக் அப்சார்பரை அச்சின் முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தது. வலிமை மிக்க சில வகைகளுக்குப் பல தகடுகளையும் கொடுத்தது.

இனித் திருத்தும் முறை. முதலில் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் தளர்ந்த போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பிறவற்றில் பணம் போடுவது வீண். அடுத்து, பல தகடுகள் கொண்ட பட்டையும் நல்ல ஷாக் அப்சார்பரும். மூன்றாவதாக, இழுவைத் தண்டு. இது அச்சின் அடியில் பொருத்தப்பட்டு முன்னோக்கி நீளும் இரும்புத் தண்டு. கூடு திரும்பியதும் தண்டின் முன்நுனி எழுந்து, பட்டையின் முன்கண்ணுக்கு அடியில் முட்டி நிற்கிறது. பட்டை வளைவது தடைபடுகிறது. மேல்நோக்கிய அவ்விசையின் எதிர்விசை டயரைத் தரையில் அழுத்துகிறது.

துள்ளலைச் சிறு குறையெனத் தள்ளிவிடலாகாது. அந்த அடியில் யூனிவர்சல் ஜாயிண்ட் உடைந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்திக் காரையே தூக்கி எறியக்கூடும். ஆகவே அதனைச் சுற்றி இரும்பு வளையம் பொருத்துவது உயிர்காப்பு.

இதே காரின் முடுக்கம் 0.8 மடங்கானால் பெயரும் சுமை எவ்வளவு? மாணவ நண்பர்கள் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.