எல்.டி.எச். கூடினால் புற்றுநோயா?

கேள்வி: காய்ச்சல் விடாத பிள்ளைக்கு எல்.டி.எச். கூடுதலாம். புற்றுநோயா? – வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: அந்த எண் மட்டும் அதைச் சொல்லிவிடாது. எல்.டி.எச். உடலெங்கும் உள்ள நொதி. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ரத்தப் புற்றுநோயில் எகிறும். கல்லீரல் அழற்சியிலும் தசைக் காயத்திலும்கூட ஏறும்.

ஊசி குத்தும்போது பிள்ளை திமிறி, ரத்தம் சிரமப்பட்டு இழுக்கப்பட்டால் குழாயிலேயே சிவப்பணுக்கள் உடையும். சுழற்றியபின் மேலே நிற்கும் தெளிநீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். எண் பொய்யாக உயரும். அப்போது மறுபடி ரத்தம் எடுப்பதே சரி.

ரத்தப் புற்றுநோயை உறுதிசெய்வது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை.

வெளிறல், காரணமில்லாத ரத்தக்கட்டு, கழுத்துக் கட்டி, தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் சென்ட்ரலில் இறக்கிவிடும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அங்கிருந்து பக்கம்தான். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.