அரசியலமைப்பும் வாக்காளரும்

நம் நாட்டின் தலையாய சட்டம் 1957-இல் நடப்புக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பாகும். அதனை வளர்ப்பதில் வாக்காளருக்கும் நீதிமன்றத்திற்கும் பங்குண்டு.

அதன் பெரும்பாலான விதிகளைத் திருத்துவதற்கு, நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் ஆதரவு தேவை. 222 உறுப்பினர் கொண்ட மக்களவையில் அது 148 ஆகும். அவ்வுறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது நமது வாக்கே.

வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தத்தை 2019-இல் மக்களவையின் 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர். ஆயினும், அது நடைமுறைக்கு வரத் தாமதமாயிற்று. சரவாக் இளைஞர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பர் 3-ஆம் நாள் கூச்சிங் உயர்நீதிமன்றம், அவ்வாண்டு முடிவதற்குள் அதனைச் செயற்படுத்துமாறு பணித்தது. டிசம்பர் 15-ஆம் நாள் திருத்தம் நடப்புக்கு வந்தது. நீதிமன்றம் புதிய சட்டம் எதனையும் இயற்றவில்லை. மக்களின் பிரதிநிதிகள் இயற்றியதை நிறைவேறச் செய்தது.

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 18 வயது நிரம்பியோரும் வாக்களித்தனர். இத்திருத்தத்தின்படி, 18 வயதடையும் குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. எனினும், தோட்டம் மாறிச் சென்றோர் தம் பெயர் எத்தொகுதியில் உள்ளதென முன்கூட்டியே அறிந்துகொள்ளல் வேண்டும். தொலைவிலுள்ள பழைய தொகுதியில் பெயர் இருப்பின், வாக்கு வீணாகக்கூடும்.