பொறியியலில் எப்பிரிவு? கிராமப் பெற்றோர் ஆராய வேண்டுவன

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற்கு வருவோரின் பேச்சு சில வாரங்களுக்கு மாறிவிடுகின்றது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவை பற்றிப் பேச வந்தவர்கள், பேச்சு முடிந்து எழும்போது, "பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்க்கலாம் என்றிருக்கிறேன், ஐயா, எந்தப் பிரிவு நல்லது?" என்று வினவுகின்றனர். வினா எளிது; விடை எளிதன்று. ஓர் இளைஞனின் நான்கு ஆண்டுகளும், பல குடும்பங்களில் ஒரு துண்டு நிலத்தின் விலையும் இவ்விடையில் அடங்கியிருத்தலின், இதனைச் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

பெரும்பாலோர் பிரிவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கின்றனரேயன்றி, அப்பிரிவில் என்ன கற்பிக்கின்றனர் என்பதை அறிந்திலர். இவற்றை அறியத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊரிலேயே காணலாம். ஊராட்சியில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று நிற்கின்றது எனக் கொள்வோம். அதில் நிரம்பும் நீரின் எடை மட்டுமே 30 டன். இப்பாரம் தூண்களின் வழியே இறங்கி, அடித்தளத்திற் பரவி, மண்ணைச் சேர்கின்றது. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிசல் மண் இதனைத் தாங்குமா, அடித்தளம் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும், தூணுக்கு எத்தனை கம்பி, பெருங்காற்று பக்கவாட்டில் தள்ளினால் என்னாகும் எனக் கணக்கிடுவது சிவில் பொறியியல். கணக்கு முடிந்தபின், வெயிலில் நின்று கான்கிரீட் கலவையில் தண்ணீர் மிகாமற் பார்ப்பதும், ஒப்பந்தக்காரரிடம் முகங்கடுத்துப் பேசுவதும் அதே தொழிலின் பகுதிகளே. இவை பாடநூலில் இடம்பெறவில்லை. கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு முதலிரண்டு ஆண்டுகள் கடினமாக இருக்கும். பிறகு பழகிவிடுவதையே எம் ஒன்றியத்துப் பொறியாளர்களிடம் கண்டிருக்கின்றேன்.

அத்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நோக்குவோம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3.7 கிலோவாட் ஆற்றல் தருவது. மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டால், அதே பாரத்தை இழுப்பதற்காக மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை வாங்குகின்றது. சுருள் சூடேறிக் கருகுகின்றது. காயில் கட்டப் பணம் செலவழித்த விவசாயி ஒவ்வொருவரும் இதனைத் தம் அனுபவத்தில் அறிவர். ஏன் என்பதை அறிந்து தடுக்கக் கற்பது மின் பொறியியல். 11,000 வோல்ட்டு மின்சாரத்தைத் தெருமுனையில் 400 வோல்ட்டு அளவிற்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், முப்பந்தலில் சுழலும் காற்றாலையும், கூரைமீது பதிக்கும் சூரிய ஒளித் தகடும் இப்பிரிவைச் சார்ந்தவை. அம்மோட்டாரோடு இணைந்த பம்பின் இறக்கைச் சக்கரத்தின் வளைவையும், வார்ப்பையும், அச்சின் வலிமையையும் ஆராய்வது மெக்கானிக்கல். கோயம்புத்தூரின் பம்புத் தொழிலும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் இத்துறையால் வளர்ந்தவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்கல வண்டிகளைச் செய்யும் ஆலைகள் வந்தபின், மெக்கானிக்கலும் மின்னியலும் முன்போல் தனித்தனியே நிற்பதில்லை.

மின் பொறியியலுக்கும் மின்னணுப் பொறியியலுக்கும் உள்ள வேற்றுமையைப் பலரும் வினவுகின்றனர். முன்னது மின்சாரத்தை ஆற்றலாகக் கொண்டு வேலை வாங்குவது. பின்னது மின்சாரத்தைச் செய்தியாகக் கொண்டு கையாள்வது. பம்பை ஓட்டுவது முன்னது. அந்தப் பம்பைக் கைப்பேசியால் வீட்டிலிருந்தே இயக்கும் சிறு பெட்டியைச் செய்வது பின்னது.

இனி, எல்லோரும் விரும்பும் கணிப்பொறி அறிவியல். கணிப்பொறியை இயக்கக் கற்றுக்கொடுப்பதே இப்படிப்பு என்னும் எண்ணம் கிராமங்களில் இன்றும் உள்ளது. உண்மையில் இது கணிதத்தின் ஒரு கிளை எனல் பொருந்தும். ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்தல், பிழை எங்கே நேர்ந்தது என்று பல மணி நேரம் பொறுமையாகத் தேடுதல் ஆகியவையே இதன் உயிர். கைப்பேசியில் விரைந்து விளையாடும் திறமை இதற்கு அறிகுறியன்று. இப்பிரிவிற்குத் தேவை பெருகியதால் கல்லூரிகளும் இதிலேயே இடங்களைப் பெருக்கியுள்ளன; சிவில், மெக்கானிக்கல் இடங்களைப் பல கல்லூரிகள் குறைத்துவிட்டன. ஆனால் மென்பொருள் நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு ஆண்டுதோறும் ஒரே அளவில் நிகழ்வதன்று. 2001-ஆம் ஆண்டிலும், 2008-2009-ஆம் ஆண்டுகளிலும் அது சுருங்கியதை முன்னோர் கண்டனர். இன்று சேரும் மாணவன் நான்கு ஆண்டுகள் கழித்தே வேலை தேடுவான் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. இவ்வாண்டின் சந்தை நிலவரத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு வெங்காயம் நட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல, சிவில், மெக்கானிக்கல், மின்னியல் பயின்றோரையும் தேர்வு வைத்து எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கணிப்பொறி பயின்றவர், ஊரக வளர்ச்சித் துறையிலோ பொதுப்பணித் துறையிலோ சிவில் உதவிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. ஒரு கதவு இருபுறமும் திறக்கின்றது. மற்றொன்று ஒருபுறமே திறக்கின்றது. கணிப்பொறியை உண்மையிலேயே விரும்பும் பிள்ளையைத் தடுக்க இதனைக் கூறவில்லை; அப்பிள்ளைக்கு அதுவே சிறந்த பிரிவு. விருப்பம் இன்னதென்று தெளியாத பிள்ளைக்கு, அடிப்படைப் பிரிவுகளுள் ஒன்று பாதுகாப்பானது என்பதே என் கருத்து.

பட்டத்தின் பெயரும் ஆராயத்தக்கது. புதிய புதிய பெயர்களில் பிரிவுகள் தோன்றுகின்றன. பெயர் மாறினால் அரசுப்பணிக்கான கல்வித் தகுதியில் சிக்கல் எழுவதுண்டு. இப்பட்டம் இன்ன பட்டத்திற்கு இணையானது என அரசாணை பிறந்தாலன்றி விண்ணப்பம் ஏற்கப்படாமற் போகலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொறியியற் பணி அறிவிப்பு ஒன்றை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள பட்டங்களின் பெயரை ஒருமுறை படித்துப் பார்ப்பது அரைமணி நேர வேலை. அவ்வாறே, தேசிய அங்கீகார வாரியம் வழங்கும் அங்கீகாரம் பாடப்பிரிவுவாரியாக அமைவது. ஒரு கல்லூரியில் ஒரு பிரிவுக்கு அது இருந்து, மற்றொன்றுக்கு இல்லாமலும் இருக்கக்கூடும். கல்லூரியின் முகப்பிலுள்ள பலகையை மட்டும் கண்டு திரும்புதல் போதாது.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். "சிவிலும் மெக்கானிக்கலும் பெண்ணுக்கு ஆகாது" என்று தந்தையரே முடிவு செய்துவிடுகின்றனர். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டி பொறியியற் கல்லூரியில், 1940-களிலேயே மூன்று பெண்கள் பயின்றனர். அவர்களுள் அ. லலிதா பதினெட்டு வயதிற் கணவரை இழந்தவர். கைக்குழந்தையோடு கல்வியைத் தொடர்ந்தவர். மருத்துவத் தொழிலுக்கு நள்ளிரவிலும் செல்ல நேருமாதலின் குழந்தையை வளர்க்கும் தமக்கு அது ஒவ்வாதென எண்ணிப் பொறியியலை நாடினார். அதிலும் மின் பொறியியலைத் தேர்ந்து 1943-இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தில் மின்கடத்துப் பாதைகளை வடிவமைக்கும் பணியாற்றினார். உடன் பயின்ற பி. கே. திரேசியா சிவிலைத் தேர்ந்தவர். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இருவர் தேர்வும் வெவ்வேறு. எனினும் தம் வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்பதைத் தாமே எண்ணித் துணிந்தனர்.

பிள்ளையின் இயல்பை அறிய ஓர் எளிய வழி கூறுகின்றேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பிரிவின் பாடத்திட்டமும் உள்ளது. முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாகையால் அவற்றை விடுத்து, மூன்றாம் பருவம் முதல் ஆறாம் பருவம் வரையுள்ள பாடங்களைப் பிள்ளையே படிக்கட்டும். எந்தப் பட்டியலில் அவன் கேள்வி கேட்கின்றானோ, அங்கே விருப்பம் இருக்கின்றது. கணிதத்தில் தளர்ந்த பிள்ளையாயின் முன்னரே எச்சரிக்கை வேண்டும். தரவரிசைக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. எப்பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டில் கணிதம் உண்டு. பலரும் அரியர் வைப்பது அங்கேதான்.

வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், நெசவுத் தொழில்நுட்பம் ஆகியவற்றை நம் கிராமத்தார் அதிகம் நாடுவதில்லை என்பது வியப்பளிக்கின்றது. சொட்டுநீர்ப் பாசனமும், அறுவடை இயந்திரமும், மரவள்ளி ஆலையும் அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை அந்நியமானவை அல்ல.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள், பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். விரைவில் ஊதியம் தேவைப்படும் குடும்பத்திற்கு இவ்வழி இழிவானதன்று. டிப்ளமோவோடு பணியில் அமர்ந்தவர்கள் தொட்டியின் கசிவைக் கண்டுபிடிப்பதில் பட்டதாரியை விஞ்சியதை நேரில் கண்டிருக்கின்றேன்.

பணத்தைப் பற்றி: குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் வழங்கப்படுகின்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021-இல் வந்தது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இச்சலுகைகள் கலந்தாய்வு மூலம் சேர்வோர்க்கே உரியவை. கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாக வீட்டிற்கே வரும் தரகர் இதனைச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு எம் ஒன்றியத்து விவசாயி ஒருவர் முன்பணம் கட்டுவதற்காக மாடுகளை விற்கும் தறுவாயில் வந்தார். "பெரியவரே, உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், கலந்தாய்வில் சேர்ந்தால் இந்தப் பணமே தேவைப்படாமற் போகலாம்" என்று எடுத்துக்காட்டியபோது, அவர் நம்பவே அரைநாள் ஆயிற்று. மாடுகள் இன்றும் அவர் தொழுவத்தில் நிற்கின்றன. மகள் மின்னியல் பயில்கின்றாள்.

2018 முதல் கலந்தாய்வு இணையவழியே நிகழ்கின்றது. விருப்பப் பட்டியலில் எது முதலில் நிற்கின்றதோ அதுவே முதலில் பார்க்கப்படும். ஆகவே கிடைக்குமோ கிடைக்காதோ என்றஞ்சாமல், மெய்யான விருப்ப வரிசைப்படியே எழுதுக. பட்டியல் நீளமாக இருப்பதில் தீங்கில்லை, குறுகியிருப்பதில்தான் தீங்கு. இ-சேவை மையத்தில் மற்றொருவர் தட்டச்சு செய்வதாயின், கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் பிரிவின் குறியீட்டு எழுத்துக்களையும் முன்னரே தாளில் எழுதிச் சென்று, பட்டியலை உறுதி செய்யுமுன் பிள்ளையே ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒரே பெயருடைய கல்லூரிகள் பல உள்ளன. பதிவு செய்யும் கைப்பேசி எண் மையத்தாருடையதாக இராமல் வீட்டாருடையதாக இருத்தல் வேண்டும். ஒதுக்கீட்டுச் செய்தியும், அதனை ஏற்பதற்கான கெடு நாளும் அவ்வெண்ணிற்கே வரும்.