கிளாஸ் எங்கே தவறுகிறது?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிப்பவர்கள். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கும் கவ்வாத்து வெட்டும் அப்பாவுக்கும் பிள்ளை 'கம்பஸ்' போவதே பெரிய விஷயம். ஜி.பி.ஏ. என்றால் என்ன, ரிபீட் என்றால் என்ன என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. அதனால் சீனியர் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடுகிறது. அதில் பாதி சரியாக இருக்கும். மீதி, அவருடைய பேட்ச்சோடு காலாவதியாகிப்போன விதியாகவோ வேறொரு பீடத்தின் விதியாகவோ இருக்கும். எங்கள் பிள்ளைகள் கிளாஸை, அதாவது பட்டத்தின் தரநிலையை, கோட்டைவிடுவது பெரும்பாலும் படிப்பு ஏறாததால் அல்ல, விதி தெரியாததால்தான். அப்படிக் காதில் விழும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

"கோட்டாவில் வந்த பிள்ளைக்கு கிளாஸ் எடுக்க முடியாது."

இதைப் போல மனதை உடைக்கும் பேச்சு வேறில்லை. முதலில் இசட் புள்ளி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இந்தக் கணக்கு, ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்துச் சொல்கிறது. இந்தப் புள்ளியை வைத்து, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்த 16இல் நுவரெலியாவும் ஒன்று. இந்த மாவட்ட ஒதுக்கீட்டைத்தான் 'கோட்டா' என்கிறார்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் இந்தக் கணக்கின் வேலை முடிந்துவிடுகிறது. எந்த வழியில் வந்தீர்கள் என்று எழுத, பாடவாரிப் பெறுபேற்றுப் பட்டியலான ட்ரான்ஸ்கிரிப்டில் ஒரு நிரல் கிடையாது. கொழும்பின் பெரிய பாடசாலையிலிருந்து வந்தவருக்கும் லயத்துக் காம்பராவில் படித்து வந்தவருக்கும் ஜி.பி.ஏ. ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் முதல் சில மாதங்கள் திணறல் இருக்கும், அது உண்மை. அதையும் கோட்டாவையும் ஒன்றாக முடிச்சுப்போடுவதுதான் தவறு.

"75 எடுத்தால் ஏ. எங்கேயும் அதுதானே?"

பாடசாலையில் அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று எழுத்துகள் பிரிந்து நிற்கின்றன. பரவலாக வழங்கும் முறையில் ஏ 4.00, ஏ மைனஸ் 3.70, பி பிளஸ் 3.30, பி 3.00, பி மைனஸ் 2.70, சி பிளஸ் 2.30, சி 2.00. மொறட்டுவையில் ஏ பிளஸுக்கு 4.2 தருகிறார்கள். எத்தனை புள்ளிக்கு எந்த எழுத்து என்ற எல்லையோ பீடத்துக்குப் பீடம் மாறும். தேயிலைத் தொழிற்சாலையில் பி.ஓ.பி., ஓ.பி. என்று பிரிப்பதை எங்கள் ஊரில் பார்க்காதவர் இல்லை. அந்தப் பெயர்கள் எந்தச் சல்லடையில் எந்த அளவு தூள் நின்றது என்பதைச் சொல்கின்றன. பல்கலைக்கழக எழுத்தும் அப்படித்தான், சல்லடை எது என்று தெரியாமல் அதை வாசிக்க முடியாது. இரண்டு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஜி.பி.ஏ.யைப் பக்கத்தில் வைத்து "அவன் 3.5, நீ 3.2" என்று ஒப்பிடும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"எல்லாப் பாடத்தையும் கூட்டி வகுத்தால் ஜி.பி.ஏ."

வகுக்க வேண்டியது பாடங்களின் எண்ணிக்கையால் அல்ல, கிரெடிட்டால். ஒரு செமஸ்டரில் மூன்று பாடம் என்று வைத்துக்கொள்வோம். 3 கிரெடிட் பாடத்தில் சி, 2 கிரெடிட் பாடத்தில் பி பிளஸ், 1 கிரெடிட் பாடத்தில் ஏ. வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 3.10 வருகிறது, பிள்ளை செகண்ட் லோவர் உறுதி என்று நிம்மதியாகத் தூங்குகிறது. சரியான கணக்கில் 6.0, 6.6, 4.0 ஆகியவற்றைக் கூட்டினால் 16.6. அதை ஆறால் வகுத்தால் 2.77. பல பீடங்களில் செகண்ட் லோவருக்கு 3.00, அப்பருக்கு 3.30, பர்ஸ்ட் கிளாஸுக்கு 3.70 வேண்டும். பிடித்த சின்னப் பாடத்தில் ஏ எடுத்துவிட்டு, கனமான பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால் இழுபடுவது இங்கேதான். ஆங்கிலம் போன்ற சில பாடங்கள் ஜி.பி.ஏ.யில் சேராமலும் இருக்கலாம். ஆனால் அவற்றில் சித்தியடையாமல் பட்டம் கிடைக்காது.

"பர்ஸ்ட் இயர் சும்மா. பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

சில பீடங்களில் முதலாம் ஆண்டுப் பெறுபேறு கிளாஸ் கணக்கில் சேர்வதில்லை, அதனால் பிறந்த நம்பிக்கை இது. ஆனால் கலைப்பீடம் போன்ற இடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு யாரைத் தெரிவு செய்வது என்று தீர்மானிப்பதே ஆரம்பப் பெறுபேறுதான். பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, குறைந்தது 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டு, 120. சிறப்புப் பட்டத்தோடு விரிவுரையாளராக வேண்டும் என்ற கனவு இருந்தால் அதற்கான கதவு முதல் ஆண்டிலேயே திறக்கவோ மூடவோ செய்கிறது.

"எக்ஸாமுக்குப் போக முடியாவிட்டால் ஜூனியர்களோடு எழுதிக்கொள்ளலாம்."

எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் நட்டம் வைப்பது இந்த ஒரு நம்பிக்கைதான். எழுதலாம், மறுப்பதற்கில்லை. என்ன பெயரில் எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. காரணத்தை உரிய முறையில் அறிவித்துப் பீடம் ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கிடப்படும். அறிவிக்காவிட்டால் அது ரிபீட். பல பீடங்களில் ரிபீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கணக்கில் சேர்வது சி, அதாவது 2.00 மட்டுமே. 120 கிரெடிட் பட்டத்தில் 3 கிரெடிட் பாடம் ஒன்றில் ஏ எடுக்கக்கூடிய பிள்ளைக்கு சி விழுந்தால், மொத்த ஜி.பி.ஏ.யில் 0.05 குறையும். 3.72 வரவேண்டியது 3.67 ஆகும். பர்ஸ்ட் கிளாஸ் போய்விடும். ரிபீட் இருந்தாலே கிளாஸ் இல்லை என்ற விதி உள்ள பீடங்களும் உண்டு.

தோட்டத்தில் பாட்டி தவறிவிட்டார் என்று இரவு பத்து மணிக்கு போன் வருகிறது. பிள்ளை அழுதுகொண்டே பஸ் ஏறுகிறது. காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது பரீட்சையும் முடிந்திருக்கிறது. யாரிடமும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளை தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கி, அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பரீட்சைக்குப் பொதுவாக ஏற்கப்படுவது அரச மருத்துவமனை வைத்தியரின் சான்றிதழ், அல்லது பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின் சான்றிதழ் அல்லது ஒப்புதல். அதையும் பீடம் குறிக்கும் சில நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே "எக்ஸாமுக்கு மெடிக்கல் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயலில் மலையகப் பாதைகள் அடைபட்டதைப் போல வழி இல்லாமல் போனால், அன்றைக்கே பீடாதிபதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்தும் வீட்டில் நாட்களைக் கடத்துபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"கிளாஸ் இல்லாவிட்டால் பட்டம் வீண்."

விரிவுரையாளர் பதவிக்கும் சில வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுக்கும் கிளாஸ் அவசியம். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் பட்டம் போதும். சாதாரணச் சித்தியோடு வந்த பிள்ளையை வீட்டில் யாரும் தலைகுனிய வைக்காதீர்கள்.

"சான்றிதழ் கையில் இருந்தால் போதும். ட்ரான்ஸ்கிரிப்ட் எதற்கு?"

சான்றிதழ் பட்டத்தின் பெயரையும் கிளாஸையும் சொல்லும். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், என்ன எழுத்து, எந்த மொழிமூலம் என்பதெல்லாம் ட்ரான்ஸ்கிரிப்டில்தான் இருக்கும். ஆசிரியர் நியமன நேர்முகத்தில் பட்டத்தில் என்ன பாடம் படித்தீர்கள் என்று தேடுவது அதில்தான். கனடாவுக்கு விண்ணப்பிப்பவர்களின் பட்டத்தை மதிப்பிடும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற அமைப்புகள் ட்ரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்கின்றன, நீங்கள் எடுத்த போட்டோகொப்பி அங்கே செல்லாது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, உயர்தரப் பெறுபேற்றில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பிழை, இருபது வருடம் கழித்துத் தூதரகக் கவுன்டரில் வந்து நிற்கும். பல்கலைக்கழகத்தில் பதியும் நாளிலேயே மூன்று பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தும் வேலையை முதல் விடுமுறையிலேயே தொடங்குங்கள். இறுதியாண்டில், பட்டமளிப்புக்கு முன்னால், பரீட்சைக் கிளையில் கேட்டு ட்ரான்ஸ்கிரிப்டின் வரைவையோ பெறுபேற்றுத் தாளையோ ஒருமுறை பாருங்கள். பெயர், மொழிமூலம், ஏற்றுக்கொண்ட மெடிக்கல் தவறுதலாக 'ஆப்சென்ட்' என்று பதிவாகியிருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாருங்கள்.