டிஸ்க்கா, கேபிளா? ரிப்பேருக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஆரணியில மாமா பட்டுச்சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறார். பார்டர், முந்தானை எல்லாம் ஒரு பழைய லினக்ஸ் சர்வர்லதான் இருக்கு. பேக்கப் கிடையாது. போன லீவுல ஒரு ஃபைல் திறக்கல. 'ஐ/ஓ எரர்'னு வந்தது.

நான் உடனே 'எஃப்எஸ்சிகே' ஓட்டப் போனேன். சீனியர் அண்ணா போன்லயே தடுத்தார். அந்தக் கமாண்ட் டிஸ்க்கில் எழுதும். சாகப்போற டிஸ்க்கில் மிச்சம் இருக்கிறதும் போயிடும்.

சரியான வரிசை இதுதான்:

1. டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யுங்க. எதுவும் எழுத விடாதீங்க.

2. கெர்னல் லாகைப் பாருங்க. எந்த டிஸ்க், எந்த செக்டார்னு தெரியும்.

3. ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுங்க. சாட்டா ஹார்டு டிஸ்க்கில் 5, 197, 198 எண்களின் 'ரா' மதிப்பு ஏறினா டிஸ்க் கெடுது. 199 மட்டும் ஏறினா பெரும்பாலும் கேபிள். மாத்துங்க. பழைய எண்ணிக்கை குறையாது; மேலே ஏறாம இருந்தா போதும்.

4. டிஸ்க்தான் கோளாறுன்னா 'டிடிரெஸ்க்யூ'வால் வேற டிஸ்க்குக்கு நகல் எடுங்க. நல்ல பகுதியை முதல்ல எடுக்கும். மேப் ஃபைல் கொடுத்தா, நின்ன இடத்திலிருந்து தொடரலாம்.

5. 'எஃப்எஸ்சிகே' நகலில் மட்டும்.

எங்களுக்கு 197 ஏறியிருந்தது. மூணு முந்தானை தவிர எல்லாம் கிடைச்சது. அந்த மூணையும் மாமா பழைய சேலையைப் பார்த்து மறுபடி வரைஞ்சிட்டிருக்கார். இப்போ பேக்கப் ரெண்டு இடத்துல இருக்கு. உங்க ப்ராஜெக்ட் எத்தனை இடத்துல இருக்கு?