ஞாயிறு இரவும் ஒரு தட்டுச் சுண்டலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை இரவில் குடும்பத்தோடு அமர்ந்து தொலைக்காட்சியில் படம் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு சிறு திருவிழா. என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. வாரத்தில் ஆறு நாட்கள் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவார். ஞாயிறு மாலை மட்டும் கையில் ஒரு பொட்டலத்தோடு முன்னதாகவே வந்துவிடுவார். அதில் பஜ்ஜியும் காராச்சேவும் இருக்கும். படம் தொடங்கியதும் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைப்பார். அப்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை எந்தக் கதாநாயகன் முகத்திலும் நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து சோதித்தபோது அவருக்குச் சர்க்கரை கூடுதலாக இருப்பது தெரிந்தது. மருத்துவமனையிலும் அது உறுதியாயிற்று. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட அப்பா மறுக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்ப்பா, நீ சயின்சு படிக்கிறியே, நான் என்னதான் வாங்கியாறது?” என்று ஒரு நாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எண்ணெயின் கதை

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் பண்டத்தின் ஈரத்தோடும் வினைபுரிந்து சிதைகிறது. அதில் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அளவிடும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும், கறுத்து, பிசுபிசுத்து, நுரைக்கும் எண்ணெயைக் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

வீட்டில் செய்யும் நொறுக்குத்தீனிக்கு நான் மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டேன். செலவு பொட்டலத்தின் விலையைத் தாண்டக் கூடாது. சர்க்கரை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தட்டில் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். தனித் தட்டு வைத்தால் அப்பா அன்றே நோயாளி ஆகிவிடுவார். மூன்றாவது, படம் தொடங்குமுன் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இல்லையேல் அம்மாவுக்குப் படம் ஏது?

சுண்டல்

ஐந்து பேருக்கு 200 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை போதும். ஞாயிறு காலையில் ஊற வைத்தால் மாலைக்குள் ஏறத்தாழத் தன் எடையளவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். உப்பிட்டு வேக வைத்து, ஒரே கரண்டி எண்ணெயில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மாங்காய்த் துருவலும் சிறிது தேங்காயும் சேர்க்கலாம். உலர்ந்த கடலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். நார்ச்சத்தும் மிகுதி. ஆதலால் மெதுவாகச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது.

முளைகட்டிய பயறு

பாசிப்பயற்றை எட்டு மணி நேரம் ஊற வைத்து, நீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் முளை விடும். உலர்ந்த பயற்றில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். முளைக்கும்போது அது உண்டாகிறது. ஐந்து நிமிடம் ஆவியில் வேக வைத்து, ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் அந்த வைட்டமின் ஓரளவு குறையக்கூடும். பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவும் இந்தச் சாறு துணை செய்கிறது.

வேர்க்கடலை

தோலோடு உப்பிட்டு அவித்தாலும் வறுத்தாலும் சுவைதான். ஏறத்தாழக் கால் பங்கு புரதம். கொழுப்பும் அதிகமாதலால் ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். பூஞ்சை பிடித்த, கசக்கும் பருப்பை எறிந்துவிட வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், நிலக்கடலைத் தீவனத்தில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு. வறுப்பதால் அது முற்றிலும் அழியாது.

சோளப்பொரி

இது என் தங்கையின் விருப்பம். மக்காச்சோள மணிக்குள் சுமார் 14 விழுக்காடு ஈரம் உண்டு. சூடேறும்போது அது நீராவியாகி, கெட்டியான தோலுக்குள் அடைபடுகிறது. சுமார் 180 டிகிரி செல்சியசில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்காகி, தோல் வெடித்து மாவு மலர்கிறது. ஈரம் உலர்ந்த மணியும் தோல் விரிந்த மணியும் பொரியா. அடி கனமான பாத்திரம், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு மூடி போதும்.

நான் செய்த பிழை

முதல் வாரம் நான் அப்பாவுக்குக் கொடுத்தது அரிசிப் பொரி. ‘எண்ணெயே இல்லை, இலேசாக இருக்கிறது, நல்லதுதானே’ என்று எண்ணினேன். எங்கள் துறைப் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரித்தார். “இலேசாக இருப்பது எடைதான். உள்ளே இருப்பது வெந்து விரிந்த மாவுச்சத்து. அது விரைவாகக் குளுக்கோசாக மாறிவிடுமே!” என்றார். செரிமானத்தைப் பரீட்சைக்காகப் படித்த எனக்கு அது என் வீட்டுத் தட்டில் நடக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது பொரியை ஒரு பிடி மட்டும் எடுத்து, சுண்டல், வெங்காயம், வெள்ளரிக்காயோடு கலந்து வைக்கிறோம். சோளப்பொரியிலும் அப்பா ஒரு கை அள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

முடிவுரை

சுண்டல் மருந்தாகாது, மாத்திரையை நிறுத்திவிட எவரும் எண்ண வேண்டாம். ஆனால் நோய் வந்த வீட்டில் மகிழ்ச்சியையும் சேர்த்துப் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்பதை நான் கண்டுகொண்டேன்.

இப்போது அப்பா சனிக்கிழமை மாலையே பொட்டலத்தோடு வருகிறார். கடலையும் பயறும் அதில் இருக்கின்றன. ஞாயிறு இரவு அவரே தட்டை நடுவில் வைக்கிறார். அம்மாவும் தொடக்கத்திலேயே வந்து அமர்கிறார். பல படங்களின் முடிவை அவர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்.

நண்பர்களே, நாம் வகுப்பில் கற்பது விடைத்தாளோடு முடிந்துவிடலாகாது. நம்மைப் படிக்க வைக்க உழைப்பவர்களின் தட்டுக்கும் அதில் ஒரு பிடி போய்ச் சேரட்டும்.